வியாழன் காலை ஒன்பது மணி வகுப்பு

"எனக்கு நியாயம் எல்லாம் வேண்டாங்க," என்றாள் லெக்சரம்மா. "அந்தாளு மேஜை காலியாகணும். அதைப் பக்கத்துல நின்னு நான் பாக்கணும். அவ்வளவுதான்."

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொழுந்தனுக்கு அது போதும், கேஸ் எடுத்தாயிற்று என்று தெரிந்துவிட்டது. நியாயம் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் அண்ணிக்குக் கொட்டாவி வரும். பழி கேட்டு வருகிறவர்களைக் கண்டால்தான் முகத்தில் ஒரு களை வரும். இன்ஸ்பெக்டராக இருந்தவள் அவள். தான் மோப்பம் பிடித்துப் பிடித்த ஆளை மேலதிகாரி தன் பெயரில் எழுதிக்கொண்ட அன்றே தொப்பியைக் கழற்றி அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். பன்னிரண்டு வருஷமாகியும் அந்த வயிற்றெரிச்சல் அணையவில்லை. அணையாமல் பார்த்துக்கொள்கிறாள் என்பதுதான் கொழுந்தனின் கட்சி.

அவன் அவளுடைய புருஷனின் தம்பி. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளனாக இருந்தவன். வாய் நீளம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துப்பறியும் தொழிலுக்கு நீளமான வாய் நல்லது என்று அண்ணி சேர்த்துக்கொண்டாள்.

லெக்சரம்மா பொரிந்து தள்ளியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பல்கலைக்கழகத்தில் அவள் ஒப்பந்த லெக்சரர். மூன்று வருஷமாக, ஆறு பருவமாக, ஒரே ஒரு பாடம் நடத்துகிறாள்: நிலத்தடி நீர். இது ஏழாவது பருவம். நாற்பத்தொரு பேர் அந்தப் பாடத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். அப்புறம் வகுப்பு அட்டவணை வந்தது. அவளுடைய வகுப்பு வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. அதே வியாழன், அதே ஒன்பது மணிக்குத்தான் மூன்றாம் வருஷக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஆய்வுக்கூடம். அது கட்டாயம், விட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஆளை உட்காரவைக்கக் கம்ப்யூட்டருக்கு மனசு வராது, ஒன்றை விடு என்று சொல்லிவிடும். விட்டார்கள். ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு பேர் போய்விட்டார்கள். பாக்கி ஒன்பது.

பத்துக்குக் குறைந்தால் பாடம் ரத்து. பாடம் ரத்தானால் ஒப்பந்தமும் ரத்து. பதிவு மூடுவது இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு. இப்போது மணி இரண்டரை.

"ஒரு ஆள் கொறைஞ்சா வண்டியை எடுக்க மாட்டாங்களா?" என்றான் கொழுந்தன். "எங்க டிப்போவுல டிரைவர் ஏறிட்டாலே எடுத்துருவோம்."

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யார் மேல் சந்தேகம் என்று கேட்டாள். அதில் லெக்சரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. துறைத்தலைவர்தான். அவருடைய மச்சினன் மகன் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், அவனை இந்த இடத்தில் சொருக வேண்டும். ஒவ்வொரு பருவமும் எந்த நேரத்தில் வர முடியும் என்று ஆசிரியர்கள் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். வியாழன் காலை மட்டும்தான் வர முடியும் என்று நீங்களேதான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று துறைத்தலைவர் சொல்கிறாராம். படிவத்தைக் காட்டுங்கள் என்றால் கீழே அட்டவணைப் பிரிவில் இருக்கும், போய்ப் பார் என்று விரட்டுகிறாராம்.

"வியாழன் காலை ஆகாதுன்னு மூணு வருஷமா தொண்டை கிழிய சொல்லிட்டிருக்கிறவ நான். நானே போய் அதைக் கேப்பேனா? படிவத்தை மாத்தியிருக்காங்க. கையெழுத்தும் கள்ளக் கையெழுத்தாத்தான் இருக்கும். மாத்தி வெச்சதை நான் தனியாப் போய்ப் பாத்து என்ன ஆகப்போகுது?" பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மிச்சமிருக்கும் ஒன்பது மாணவர்களின் பதிவு எண்கள். "இந்த ஒன்பது பேரு மட்டும் என்னைக் கைவிடல. போன முப்பத்திரண்டு பேரையும் நான் மறக்க மாட்டேன்."

அண்ணி அந்த ஒன்பது எண்களையும் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

துறைத்தலைவரின் அறையில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் பெரிய மேஜைக்குப் பின்னால் பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் மகன் விஷயத்தை அண்ணி நேராகவே கேட்டாள். அவர் மறைக்கவே இல்லை. ஆமாம், பையன் இருக்கிறான், நல்ல பையன், அதற்கென்ன என்றார்.

"அவங்களை அனுப்பணும்னா ஒப்பந்தம் என் மேஜைக்கு வர்றப்போ கையெழுத்துப் போடாம இருந்தா முடிஞ்சுதே. அதுக்கு எதுக்கு நான் கீழ்த்தளம் வரைக்கும் எறங்கிப் படிவம் திருத்தணும்? என் முழங்கால் வலிக்கு நான் படியே எறங்குறதில்ல."

வெளியே வந்ததும் கொழுந்தன் பெருமூச்சு விட்டான். இவ்வளவு சோம்பேறியை வில்லனாக வைத்துக் கதையை ஓட்ட முடியாது என்று வருத்தப்பட்டான். அண்ணிக்கும் வருத்தம்தான். மேலதிகாரி ஒருத்தனைக் கவிழ்க்கலாம் என்று வந்தவளுக்கு ஆள் கை நழுவிப் போனதில் முகம் கறுத்திருந்தது. ஆனால் அந்த ஆள் சொன்னதில் ஓட்டை இல்லை. இனி பிடித்துக்கொண்டு போக ஒரே நூல்தான் இருந்தது, அந்தப் படிவம்.

அட்டவணைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில், முப்பது படி இறங்கினால் வரும் ஜன்னலில்லாத அறை. சுவர் நீளத்துக்குக் கட்டம் கட்டமாகத் தாள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வகுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்குக் கட்டம் அக்கா என்றே பெயர் ஆகிவிட்டது. ஐயாயிரம் மாணவர்கள், முந்நூறு ஆசிரியர்கள், எழுபது அறைகள், எதுவும் எதன் மேலும் மோதாமல் அடுக்கிவைக்கிறவள். எப்போதாவது நன்றி என்று யாராவது சொன்னார்களா என்று கொழுந்தன் கேட்டான். மோதினால் மட்டும் போன் வரும் என்றாள் கட்டம் அக்கா. டிப்போவிலும் அதே கதைதான் என்று அவன் சொல்ல, அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

படிவத்தைக் கேட்டதும் மறுக்காமல் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், நாற்பது கட்டம். முப்பத்தெட்டுக் கட்டங்கள் நீல மையில் அழுத்தமாக அடைக்கப்பட்டிருந்தன. வியாழன் காலை இரண்டு கட்டம் மட்டும் வெள்ளை. கீழே கையெழுத்து.

கூடவே படி இறங்கி வந்திருந்த லெக்சரம்மா தாளை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"கையெழுத்து என்னுதுதான்," என்றாள். "கட்டத்தையும் நான்தான் அடைச்சேன். எப்ப வேணும்னாலும் வர்றேன்னு காட்டுறதுக்கு எல்லாத்தையும் அடைச்சேன். வியாழன் காலையை மட்டும் விட்டேன். இதுல என்ன தப்பு?"

கொழுந்தன் குனிந்து படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தான்: வர இயலாத நேரங்களை அடைக்கவும்.

முப்பத்தெட்டு மணி நேரம் என்னால் முடியாது, வியாழன் காலை இரண்டு மணி நேரம்தான் முடியும் என்று லெக்சரம்மா தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எந்த நேரத்துக்கு அவ்வளவு பயந்தாளோ, சரியாக அதே நேரத்தில் கம்ப்யூட்டர் அவளை உட்காரவைத்துவிட்டது. யார் மேஜை காலியாக வேண்டும் என்று வந்தாளோ அந்த ஆள் அப்பாவி. அவள் வெளியே போய், வராந்தா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நம்ம கிளம்பலாமா அண்ணி?" என்றான் கொழுந்தன். "குற்றவாளியே வந்து நம்மகிட்ட புகார் கொடுத்த மொதல் கேஸ் இதுதான்."

"இருங்க தம்பி. இவங்க இதுக்கு முந்தி ஆறு படிவம் குடுத்திருக்காங்களே. அதையும் பாத்துடுவோம்."

கட்டம் அக்காவின் கை கோப்பின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு கோப்பை அப்படியே தள்ளிவிட்டாள். அண்ணி ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜை மேல் வரிசையாகப் பரப்பினாள். ஆறு படிவம். ஆறிலும் நீல மையில் அடைத்த முப்பத்தெட்டுக் கட்டம், வெள்ளையாக விட்ட வியாழன் காலை. ஆறும் தலைகீழ். ஆனால் ஆறு பருவமும் அவளுடைய வகுப்பு ஒழுங்கான நேரத்தில்தான் நடந்திருக்கிறது. ஆறு படிவத்தின் வலது மூலையிலும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருந்தது.

ஏழாவதில் வட்டம் இல்லை.

அண்ணி மற்ற ஆசிரியர்களின் இந்தப் பருவப் படிவங்களையும் புரட்டினாள். நாலுக்கு ஒன்றில் அதே வட்டம். துறைத்தலைவருடையதிலும் இருந்தது. அண்ணி வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கட்டம் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

கட்டம் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தலைகீழா அடைக்கிறவங்க நெறைய பேரு," என்றாள். "பொடி எழுத்தை எவன் படிக்கிறான்? ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டுட்டு, வட்டம் போட்டுட்டு, நானே மாத்தி ஏத்திடுவேன். இருபத்திரண்டு வருஷமா செய்றேன். செய்யணும்னு எந்த விதியிலயும் இல்ல."

"இந்த ஒருத்தங்களுக்கு மட்டும் போன் பண்ணல."

"பண்ணல. படிவத்துல என்ன இருக்கோ அதை அப்படியே ஏத்தினேன். எந்த விதியை மீறினேன்னு சொல்லுங்க."

எந்த விதியையும் மீறவில்லை. அதுதான் அண்ணியை அசத்தியது. இத்தனை வருஷத்தில் கத்தி பார்த்திருக்கிறாள், விஷம் பார்த்திருக்கிறாள், மொட்டைக் கடிதம் பார்த்திருக்கிறாள். வழக்கமாகச் செய்கிற ஒரு உதவியைச் செய்யாமல் விட்டு ஒரு ஆளைத் தீர்த்துக்கட்டியதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஏன் என்று மட்டும் கேட்டாள். ஐந்து மாசமாகக் கேட்க ஆளில்லாமல் காத்திருந்தவள் மாதிரி கட்டம் அக்கா கொட்டினாள்.

அவளுக்கு ஒரு மகள். இதே பல்கலைக்கழகத்தில்தான் படித்தாள். அம்மா இங்கே வேலை செய்கிறாள் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. சலுகையில் படித்தவள் என்று நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கு அப்படி ஒரு வீம்பு. பட்டத்துக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. வேலைக்கான உத்தரவு கையில் வந்தாயிற்று. போன பருவம், பதிவு மூடுகிற நாள் மத்தியானம், அவள் எடுத்திருந்த பாடம் ஆள் குறைவு என்று ரத்தாகிவிட்டது. வேறு பாடத்துக்கு மாற வேண்டும், இடம் இருந்தது நிலத்தடி நீரில் மட்டும். கடைசி நாள் மாற்றத்துக்கு ஆசிரியர் கையெழுத்து வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஓடி, ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லெக்சரம்மாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். லெக்சரம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, நாளைக்கு வான்னு சொன்னாங்களாம். நாளைக்குன்னு ஒண்ணு ஏது? பேனா அவங்க கையிலயே இருந்துதாம்மா. ஒரு கையெழுத்து. நான் முப்பது படிக்குக் கீழ இங்க உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது." அவள் குரல் உடையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "வேலை போச்சு. இப்ப பஸ் நிலையத்துக்கு எதிர்ல கண்ணாடிக் கடையில ஃப்ரேம் தொடைச்சு அடுக்கிட்டிருக்கா. வீட்டுல பேசுறதே கொறஞ்சு போச்சு. இந்த அம்மாவோட படிவம் என் மேஜைக்கு வந்தப்போ பென்சிலை எடுத்தேன். எடுத்துட்டுக் கீழ வெச்சுட்டேன். வெச்சப்போ எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

தெரியும் என்று அண்ணி தலையை ஆட்டினாள். அவளைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான். அவனுக்கே கட்டம் அக்காவின் பக்கம்தான் மனசு சாய்ந்தது. மணி நாலு இருபது. இன்னும் நாற்பது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பழி முடிந்துவிடும்.

அண்ணி பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தாள்.

"ஒரே ஒரு விஷயம்க்கா. முப்பத்திரண்டு பேரு ஆய்வுக்கூடத்தோட மோதுதுன்னு ஓடிட்டாங்க. இந்த ஒன்பது பேரு ஏன் ஓடல? வெளிய உக்காந்திருக்கிற அம்மா, தன் மேல பாசத்துல நிக்கிறாங்கன்னு நெனச்சுட்டிருக்கு. பாசமாவது ஒண்ணாவது. இவங்களுக்கு வியாழக்கிழமை ஆய்வுக்கூடமே கிடையாது. நம்பரோட ஆரம்பத்தைப் பாருங்க, எல்லாம் பழைய வருஷம். அதை எப்பவோ முடிச்சவங்க. பட்டத்துக்கு இந்த ஒரு பாடம் பாக்கி இருக்கிறதால திரும்பி வந்திருக்கிறவங்க."

கட்டம் அக்கா தாளை வாங்கவில்லை. தனக்கு எண்ணிக்கை மட்டும்தான் திரையில் வரும், யார் எவர் என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்றாள். தன் மகள் இனி இந்த வாசலையே மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றாள். சொல்லிக்கொண்டே தாளை இழுத்து, மேலிருந்து விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. எந்த வரி என்று கொழுந்தன் எட்டிப் பார்க்கப் போனான், அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றாள் கட்டம் அக்கா. அதற்கு மேல் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஐந்து மணிக்கு அந்தப் பாடம் செத்தால் மகளின் பட்டமும் அதோடு சேர்ந்து இரண்டாம் தடவை போகும், இந்தத் தடவை பெற்றவள் கையால். மேஜை இழுப்பறைகளைத் திறந்து எதையோ தேடினாள். திருத்தச் சீட்டு ஒன்றை எடுத்தாள். வெளியான அட்டவணையை ஐந்து மணிக்குள் மாற்றலாம், ஆனால் படிவத்தைத் தவறாக நிரப்பியது நான்தான் என்று ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

லெக்சரம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணி நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள், வட்டத்திலிருந்து ஒன்பது பேரில் ஒருத்தி வரை. கேட்கக் கேட்க லெக்சரம்மாவின் கண் சிவந்தது. அவள் தேடி வந்த ஆள் கடைசியில் கிடைத்துவிட்டாள்.

"நான் போட மாட்டேன்," என்றாள். "என்னைக் குழியில தள்ளினது இவங்க. நான் தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா? இப்பவே மேல போய்ப் புகார் கொடுக்கிறேன். என் வேலை போனாலும் பரவாயில்ல, இவங்க வேலையும் போகணும்."

கட்டம் அக்கா சீட்டையும் பேனாவையும் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. மணி நாலு நாற்பத்தொன்பது.

அண்ணி சாவகாசமாகச் சொன்னாள்: "புகார் கொடுங்க. கூடவே உங்க ஏழு படிவமும் போகும், ஏழும் தலைகீழ். ஆறு தடவை உங்களைக் காப்பாத்தினது இவங்கன்னு அதுவே சொல்லிடும். படிச்சுட்டு துறைத்தலைவர் சிரிப்பாரு. அப்புறம் மச்சினன் பையனுக்குப் போன் போடுவாரு."

லெக்சரம்மா நின்றாள். ஆத்திரம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷத்தை முழுதாக விழுங்கினாள். கடைசியில் பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள். மணி நாலு ஐம்பத்தைந்து.

கட்டம் அக்கா கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினாள். வகுப்பு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தது. எட்டு மணியா, நான் ரெண்டு பஸ் மாறி வரணும் என்றாள் லெக்சரம்மா. நீங்களே அடைச்ச கட்டம்தான் மேடம் என்றாள் கட்டம் அக்கா. கண்ணாடிக் கடை பத்தரைக்குத்தான் திறக்கும், மகள் வகுப்பை முடித்துவிட்டே வேலைக்குப் போகலாம் என்பது கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது.

விட்டுப் போன முப்பத்திரண்டு பேரின் போனுக்கும் செய்தி பறந்தது. திரையில் ஒன்பது. ஒன்பது. இன்னும் ஒன்பது. லெக்சரம்மா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். பத்து. பிறகு தடதடவென்று ஏறியது. ஐந்து மணிக்குத் திரை உறைந்தபோது இருபத்தாறு.

யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. லெக்சரம்மா அண்ணியிடமிருந்து அந்த ஒன்பது எண்களின் தாளைக் கேட்டு வாங்கினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"உங்க பொண்ணு இதுல யாரு? எனக்கு ஞாபகம் வரலைங்க. கதவைப் பூட்டுற நேரத்துல அப்படி வந்து நின்னவங்க அஞ்சாறு பேரு இருப்பாங்க. பேரைச் சொல்லுங்க, நான் நல்லாப் பாத்துக்கிறேன்."

கட்டம் அக்கா ஏழாவது படிவத்தை எடுத்துக் கோப்பில் சொருகினாள். "சொன்னா அவ ஒருத்திகிட்ட மட்டும் நல்லா நடந்துப்பீங்க," என்றாள். "அதனால சொல்ல மாட்டேன்."

லெக்சரம்மா அங்கேயே நின்று ஒன்பது எண்களையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தாள்.